கண்புரைச் சத்திரசிகிச்சை வழிகாட்டலைத் திருத்த வேண்டுமா? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில் ஒரு வீட்டில் அம்மம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேசன் என்று நாள் குறித்துவிட்டால் ஆலோசனை இரண்டு பக்கத்திலிருந்து வரும். ஒன்று ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சொன்னது. மற்றது லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிற பிள்ளை போனில் சொல்வது: "இங்க அப்பிடிச் செய்யிறேல்லை, அங்க ஏன் செய்யினம்?" கீழே உள்ள கேள்விகளில் முக்கால்வாசி அந்தப் போன் பேச்சிலிருந்து பிறந்தவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் கண்ணுக்கு எது சரி என்பதை அதைப் பார்த்த வைத்தியர்தான் சொல்ல முடியும்.

எந்த வழிகாட்டலைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கிலாந்தில் நைஸ் என்று ஓர் அரச நிறுவனம் இருக்கிறது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை, அதற்கு என்ன ஆதாரம், கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா என்று ஆராய்ந்து வழிகாட்டல் எழுதுவது அதன் வேலை. வயதுவந்தவர்களின் கண்புரைக்கான அதன் வழிகாட்டல் 2017 ஒக்டோபரில் வெளிவந்தது. என்ஜி77 என்பது அதன் இலக்கம். யாரை ஒப்பரேசனுக்கு அனுப்புவது, கண்ணை எப்படி அளப்பது, புரையை எடுத்த இடத்தில் எந்தச் செயற்கை வில்லை வைப்பது, எப்படி மரக்கச் செய்வது, தொற்றை எப்படித் தடுப்பது, பிறகு எப்போது பார்ப்பது என்று முழுப் பாதையும் அதில் இருக்கிறது.

அது இங்கிலாந்துக்காரருக்கு எழுதியது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அதில் என்ன வேலை?

சட்டப்படி ஒரு வேலையும் இல்லை. இலங்கை வைத்தியர்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். ஆனால் எங்கள் கண் வைத்திய நிபுணர்களும் அதே ஆய்வுகளைத்தான் வாசிக்கிறார்கள். பலர் மேற்படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடித்து வந்தவர்கள். அதனால் அங்கே எழுதப்படுகிற ஒரு வரி சில வருடங்களில் இங்கத்தைய கிளினிக்கிலும் எட்டிப் பார்க்கும். அதோடு, ஒவ்வொரு பரிந்துரைக்கும் பின்னால் உள்ள காரணத்தையும் வெளிப்படையாக எழுதி வைத்திருப்பது அந்த வழிகாட்டலின் நல்ல குணம். காரணம் தெரிந்தால், அது எங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று நாங்களே யோசிக்கலாம்.

'மறுபரிசீலனை' என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

நைஸ் அதைக் கண்காணிப்பு என்று சொல்லும். வழிகாட்டல் வெளிவந்த பிறகு அந்தத் துறையில் என்ன புதிய ஆய்வுகள் வந்தன என்று தேடுவார்கள். கண் நிபுணர்களிடம், நடைமுறையில் எது இடிக்கிறது என்று கேட்பார்கள். மருந்துகளின் அனுமதி மாறியிருக்கிறதா, நடந்துகொண்டிருக்கும் பெரிய ஆய்வு எதுவும் முடியப்போகிறதா என்றும் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு முடிவு: அப்படியே விடுவது, ஒரு பகுதியைத் திருத்துவது, முழுவதையும் திரும்ப எழுதுவது, அல்லது விலக்கிக்கொள்வது.

இதில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். புதிதாகத் தெரியவந்தது, வைத்தியர் நாளைக்குச் செய்யப்போவதை மாற்றுமா? நூறு புதுக் கட்டுரைகள் வந்திருக்கலாம். அவை ஏற்கெனவே எழுதியதையே உறுதிப்படுத்தினால் திருத்தம் தேவையில்லை.

அதற்கு ஓர் உதாரணம்?

லேசர். 'கத்தியில்லாத கண்புரைச் சிகிச்சை' என்று விளம்பரம் வருமே, அதுதான். ஒப்பரேசனில் கையால் செய்கிற வெட்டுகள் சிலவற்றை ஃபெம்டோசெக்கண்ட் லேசர் என்ற இயந்திரம் செய்யும். புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பதும் வில்லையை வைப்பதும் பிறகும் வைத்தியரின் கையில்தான்.

அதை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள், வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றது 2017 வழிகாட்டல். அதன் பிறகு இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2020இல் வந்தது. ஒன்று பிரான்சின் 5 பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் நடந்தது, மற்றது பிரித்தானியாவில். இரண்டிலும் லேசர், வழமையான முறையைவிட நல்ல பார்வை தரவில்லை; செலவு மட்டும் கூடியது. புதிய ஆதாரம் நிறையவே வந்திருக்கிறது, ஆனால் அது பழைய பரிந்துரையின் பக்கமே நிற்கிறது. 'ஆய்வுக்குள் மட்டும்' என்ற சொற்றொடரை இனி 'வேண்டாம்' என்று சுருக்கலாமா என்பதுதான் மிச்சம்.

ஊர்க் காணியை ஈடு வைத்துக் கொழும்பில் லேசர் செய்யப் போகிறோம் என்பவர்கள் மேலே உள்ள பந்தியை இன்னொரு முறை வாசிக்கவும்.

புரை முற்றின பிறகுதான் எடுக்க வேண்டும் என்கிறார்களே?

இது ஒரு காலத்து உண்மை. வில்லை வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்பு, புரை முற்றிக் கெட்டியானால்தான் முழுசாக எடுக்க வசதி. எடுத்த பிறகு தடித்த கண்ணாடி போட வேண்டும். அதனால் பார்வை கிட்டத்தட்டப் போகும்வரை பொறுக்கச் சொன்னார்கள். 1949 நவம்பரில் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி கண்ணுக்குள் முதல் செயற்கை வில்லையை வைத்தார். 1967இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெல்மன் புரையை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். அந்த இரண்டும் பரவியதோடு, முற்றும்வரை காத்திருக்க வேண்டிய காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போது நிலைமை நேர்மாறு. முற்றிய புரை கல்லுப்போல இறுகும், எடுப்பது கடினம், சிக்கல் கூடும். சிலருக்கு வீங்கிய புரை கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிக் கடும் வலியைக் கொண்டுவரும். அந்த நிலையில் பார்வை நிரந்தரமாகவே போகலாம்.

2017 வழிகாட்டல் இதில் தெளிவாக இருக்கிறது: பார்வை அட்டையில் எத்தனையாவது வரி வாசிக்கிறார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை ஒப்பரேசனிலிருந்து தள்ளி வைக்காதீர்கள். அங்கே சில பிராந்தியங்களில் செலவைக் குறைக்க இன்ன அளவுக்குக் கீழே போனால்தான் என்று கோடு கிழித்திருந்தார்கள். அந்தக் கோட்டை அழிக்கத்தான் அந்த வரி.

எங்கள் ஊரில் பாருங்கள். ஒருவர் பகலில் அட்டையை ஓரளவு வாசிப்பார், எழுதி வருவது 6/12, அதாவது நல்ல கண் 12 மீற்றரில் வாசிப்பதை அவர் 6 மீற்றரில்தான் வாசிக்கிறார். அதே ஆள் பொழுதுபட்ட பிறகு ஏ9 வீதியில் சைக்கிளில் வரும்போது எதிரே வருகிற பஸ்ஸின் லைற்றில் ஒன்றுமே தெரியாமல் இறங்கி நிற்பார். ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் வீதியோரம் நிற்பது மாடா யானையா என்று பிரித்தறிய வேண்டும். அவருக்கு 6/12 போதாது. அரிசியில் கல்லுப் பொறுக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஏற்றும்போது அளவுக்கோடு தெரியவில்லை என்பவையும் அப்படித்தான். கிளினிக்கில் வைத்தியரிடம் "மங்கலா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எந்த வேலை முடியவில்லை என்று சொல்லுங்கள். முடிவு எடுக்க அவருக்கு அதுதான் உதவும்.

இந்தப் பகுதியைத் திருத்த வேண்டிய எந்த ஆதாரமும் என் கண்ணில் படவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒரு கண் செய்தாகிவிட்டது. மற்றதை விடலாமா?

விட வேண்டாம். இரண்டாவது கண்ணுக்கும் முதலாவதுக்குப் பார்த்த அதே அளவுகோல்தான் என்கிறது வழிகாட்டல். ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது. வரம்பில் நடப்பவருக்கும் கிணற்றுக் கட்டில் நிற்பவருக்கும் அது விழுத்துகிற விசயம்.

அப்படியென்றால் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமே?

இதுதான் திருத்தம் பற்றிய பேச்சில் உயிரோட்டமான இடம். சிக்கல் வரும் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று 2017இலேயே எழுதினார்கள். பிறகு கொவிட் காலத்தில் ஒரே வருகையில் வேலையை முடிப்பதில் எல்லோருக்கும் அக்கறை வந்தது. 2023இல் நெதர்லாந்தின் 10 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளியாகியது. ஒரே நாளில் செய்தவர்களின் பார்வை அளவு, இடைவெளி விட்டுச் செய்தவர்களுடையதைவிட மோசமில்லை, செலவும் குறைவு. பரிந்துரையின் குரலை உயர்த்த இது போதுமான காரணம் என்று யாராவது வாதாடினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது அங்கே.

ஒரே நாள் என்றாலும் அவை இரண்டு தனி ஒப்பரேசன்கள். கருவிகளை வேறாகத் தொற்றுநீக்க வேண்டும், மருந்துகளும் இயன்றவரை வேறு தொகுதியாக இருக்க வேண்டும். ஒரு மருந்துப் போத்தலில் பிழை இருந்தால் இரண்டு கண்ணும் போய்விடக் கூடாது என்பதற்காக. மருந்து விநியோகமே தடுமாறிய ஒரு நாட்டில், ஒப்பரேசன் முடிந்து உள்ளூருக்குப் போனால் திரும்பி வர அரை நாள் ஆகும் ஓர் ஊரில், பஸ் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இதைக் கேட்டு நிற்க வேண்டாம் என்பது என் எண்ணம். முழு மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டியவர்கள், அந்த மயக்கமே ஆபத்தானவர்கள் விதிவிலக்கு. அவர்களை வழிகாட்டலும் தனியாகக் குறிப்பிடுகிறது.

தொற்றைத் தடுக்கக் கண்ணுக்குள் மருந்து விடுகிறார்களாமே?

ஆம். ஒப்பரேசனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி பிடிப்பது அரிது. பிடித்தால் சில நாட்களில் பார்வையை அழித்துவிடும். ஐரோப்பாவில் 16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஒப்பரேசன் முடிவில் செஃபுரொக்சிம் என்ற மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தினால் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது என்று அது காட்டியது. நைஸும் அதையே எடுத்துக்கொண்டது. மருந்தைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவசரமாகக் கலக்காமல், முன்பே அளந்து தயாரித்ததைப் பயன்படுத்தச் சொன்னது. ஏனென்றால் செஃபுரொக்சிம் தூளாக வரும், கலவை பிழைத்தால் மருந்தே கண்ணுக்கு நஞ்சாகும்.

இங்கேதான் எங்கள் பக்கத்து ஆதாரம் ஒன்று வருகிறது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, 1976இல் டொக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. அங்கே செஃபுரொக்சிமுக்குப் பதில் மொக்சிஃபுளொக்சசின் பயன்படுத்தினார்கள். அது திரவமாகவே கிடைக்கும், கலக்கும் பாடு இல்லை, விலையும் குறைவு. ஏறத்தாழ 6 இலட்சம் ஒப்பரேசன்களின் பதிவுகளைப் பார்த்து 2017இல் எழுதினார்கள்: தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகியிருந்தது. சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது, பழைய பதிவுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டது. அதனால் நைஸ் போன்ற அமைப்புகள் அதற்கு ஒரு படி குறைத்துத்தான் மதிப்புக் கொடுக்கும். ஆனாலும் 6 இலட்சம் என்பது கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போகிற எண் அல்ல. தெற்காசியாவுக்கு ஒரு வழிகாட்டல் எழுதினால் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

சொட்டு மருந்தே கெட்டுப்போயிருந்தால்? 2023இல் நடந்ததே.

நடந்தது. கண்புரை ஒப்பரேசன் முடிந்தவர்களுக்கு விட்ட, இறக்குமதியான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தால் நுவரெலியா உட்பட நாட்டின் சில வைத்தியசாலைகளில் தொற்று ஏற்பட்டுச் சிலர் பார்வையிழந்தார்கள். அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. ஒப்பரேசன் செய்த கை சரியாகத்தான் செய்திருக்கிறது.

சிகிச்சை வழிகாட்டல் இப்படியானதைப் பிடிக்காது. எந்த மருந்து என்று அது சொல்லும். அந்தப் போத்தலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது மருந்துக் கட்டுப்பாட்டின் பொறுப்பு. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: முத்திரை உடையாத போத்தலா, திகதி இருக்கிறதா என்று பார்ப்பது, திறந்த பிறகு குறிப்பிட்ட நாளுக்கு மேல் வைத்திருக்காமல் எறிவது, போத்தல் நுனி இமையில் படாமல் விடுவது, அயல் வீட்டு ஆச்சியின் மிச்ச மருந்தை வாங்கி விடாமலிருப்பது.

தூரம், கிட்ட இரண்டும் தெரிகிற விலைகூடிய வில்லை வாங்கலாமா?

அந்தப் பலகுவிய வில்லைகளைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் நைஸின் 2017 பரிந்துரை. கண்ணாடித் தேவை குறையும், உண்மை. பதிலுக்கு இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், மங்கல் வெளிச்சத்தில் தெளிவு குறையும். இரவில் வாகனம் ஓட்டுபவருக்கு இது சின்ன விசயமில்லை. நடுத்தூரம்வரை தெளிவை நீட்டும் புதுவகை வில்லைகள் அதன் பிறகு பரவலாகியிருக்கின்றன. அந்தப் பரிந்துரையைத் திரும்பிப் பார்க்க அது நியாயமான காரணம். சாதாரண ஒற்றைக்குவிய வில்லையும் வாசிக்க ஒரு கண்ணாடியும் பெரும்பாலானவர்களுக்குக் காணும்.

வில்லையின் அளவு பிழைக்காதா?

பிழைக்கலாம். கண்ணின் நீளத்தை அளந்துதான் வில்லையின் வலுவைக் கணக்கிடுகிறார்கள். அந்த அளவில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் கண்ணாடியின் வலு கிட்டத்தட்ட 2.5 முதல் 3 புள்ளி மாறிவிடும். ஒளியால் அளக்கும் கருவி துல்லியமானது, வழிகாட்டலின் முதல் தெரிவும் அதுதான். ஆனால் முற்றிய புரைக்குள்ளால் ஒளி போகாது, அப்போது ஒலியலையால் அளக்க வேண்டியிருக்கும். முற்றவிடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கணக்கிடும் சூத்திரங்கள்தான் வழிகாட்டலில் சீக்கிரம் பழசாகிற பகுதி. 2017க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவு கலந்த சூத்திரங்கள் பரவிவிட்டன. திருத்தம் வந்தால் இந்தப் பகுதி முதலில் மாறும் என்று நினைக்கிறேன். நோயாளிக்கு அது தெரியவராது, கருவிக்குள் நடக்கும்.

ஆள் மாறி, கண் மாறி, வில்லை மாறி வைப்பது வேறு வகைப் பிழை. அதனால்தான் ஒப்பரேசன் நாளில் பெயரையும் எந்தக் கண் என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "எத்தனை தரம் கேக்கிறியள் பிள்ளை" என்று தாதியிடம் கோபப்படாதீர்கள், அம்மா. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து முழுப் பெயரைச் சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்ட வேண்டாம். காது கேளாதவர் என்றால் கூடப் போகிறவர் முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும்.

லண்டனில் அடுத்த நாள் வரச் சொல்வதில்லையாம். இங்கே ஏன் வரச் சொல்கிறார்கள்?

சிக்கலில்லாமல் முடிந்த ஒப்பரேசனுக்கு மறுநாள் நேரில் வரவழைக்க வேண்டாம் என்று நைஸ் சொன்னது சரிதான். முதல் நாள் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் அகப்படுவதில்லை என்பது காரணம். தொற்று பெரும்பாலும் அதற்குப் பிந்திய நாட்களில்தான் தலைகாட்டும்.

அந்த வரிக்குள் எழுதாமல் விட்ட சில விசயங்கள் இருக்கின்றன. அங்கே நோயாளியின் கையில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கும், அழைத்தால் விசயம் தெரிந்த ஒருவர் எடுப்பார், போகக்கூடிய தூரத்தில் கண்ணுக்கென்று அவசரப் பிரிவு இருக்கும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒப்பரேசன் முடித்துக் கிளிநொச்சிக்கு வந்தாலே 65 கிலோமீற்றர் அளவு. அங்கிருந்து உள்ளே, அக்கராயனுக்கோ முழங்காவிலுக்கோ போக வேண்டியவர் இருக்கிறார். மல்லாவியில், மாங்குளத்துக்குப் போகிற கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் இருக்கிறார். அவருக்கு மறுநாள் வருவது பெரிய பாடு. அதே தூரம்தான், பார்வை மங்கினாலும் 'நாளைக்குப் பார்ப்பம்' என்று அவரைப் படுக்கவும் வைக்கும்.

ஆகவே வரச்சொன்னால் போங்கள். மகன் லண்டனில் போகவில்லை என்பதற்காக நீங்கள் நிற்க வேண்டாம். அதோடு, இங்கே உள்ளவர்கள் உட்கார்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டிய ஒரு விதி இருக்கிறது என்றால் அது இதுதான் என்பேன். மறுநாள் தாதி ஒருவர் போனில் நாலு கேள்வி கேட்பதும், கிட்டடி மாவட்ட வைத்தியசாலையில் யாராவது ரோர்ச் அடித்துப் பார்ப்பதும் அந்தப் பயணத்துக்கு ஈடாகுமா? இதற்கு லண்டனில் விடை தேட முடியாது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் பதிவு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எந்த அறிகுறி வந்தால் உடனே ஓட வேண்டும்?

வலி நாளுக்கு நாள் கூடுதல். சிவப்புக் கூடுதல். தெளிந்துவந்த பார்வை திரும்ப மங்குதல். பீளை. மின்னல் அடிப்பது போலவோ கறுப்புத் திரை இறங்குவது போலவோ தெரிதல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையானாலும், கிட்டடி வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய் "கண்புரை ஒப்பரேசன் செய்த கண்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். திங்கள் கிளினிக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.

தையல் போடாத, மெசினில்லாத முறையில் செய்தார்கள். அது பழைய முறையா?

சிறு கீறல் முறை என்பது அது. 6, 7 மில்லிமீற்றர் அகலத்தில் தானாக மூடிக்கொள்ளும் கீறல் போட்டு, புரையை முழுசாகக் கையால் எடுத்து வில்லை வைப்பது. ஒலியதிர்வு முறையில் கீறல் 2, 3 மில்லிமீற்றர்தான். பார்வை சீக்கிரம் தெளியும், கண்ணாடித் தேவையும் குறையலாம். ஆனால் இரண்டையும் நேபாளத்தில் ஒப்பிட்டு 2007இல் எழுதினார்கள். ஆறு மாதத்தில் பார்வை இரண்டிலும் நன்றாகவே இருந்தது, சிறு கீறல் முறை விரைவாகவும் மலிவாகவும் முடிந்தது. இங்கிலாந்தில் இந்த முறையை அபூர்வமாகத்தான் செய்வார்கள், எனவே அங்கத்தைய வழிகாட்டலைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் குறை சொல்வது பொருந்தாது.

சண்டையில் கண்ணில் காயம்பட்டவருக்கும் இதே விதிகளா?

முழுவதும் இல்லை. மேலே சொன்ன ஆய்வுகள் அநேகமாக வயதால் வரும் புரையைப் பற்றியவை. செல் வெடிப்பிலும் மிதிவெடியிலும் அடிபட்ட கண்ணில் புரை மட்டும் தனியாக இருக்காது. வில்லையைத் தாங்கும் நுண் இழைகள் அறுந்திருக்கலாம், விழித்திரை பழுதாகியிருக்கலாம், அழுத்தம் கூடியிருக்கலாம், உள்ளே சிறு இரும்புத் துண்டு இன்னும் கிடக்கலாம். அடிபட்டு ஐந்தாறு வருடம் கழித்தும் புரை வரும். 2009க்குப் பிறகு இத்தனை வருடமாக "அது போன கண்தானே" என்று காட்டாமலே விட்டவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். எல்லாக் கண்ணுக்கும் பார்வை திரும்பாது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அந்தக் கண் சொல்லுமானால், நிபுணர் ஒருவர் ஒருதடவை பார்ப்பது வீணல்ல.

காயத்தைப் பற்றி வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த வருடம், எப்படி என்ற கதை முழுக்கச் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. "வெடிச் சிதறல் பட்டது, உள்ளே துண்டு இருக்கலாம்" என்பது போதும். எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் இரும்பை நகர்த்திவிடும்.

போர் நடந்த இடங்களுக்கான கண்புரைப் பரிந்துரைகள் தனியாக எழுதப்பட வேண்டியவை. எழுத ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

என்ன மருந்து குடிக்கிறோம் என்பதை ஏன் கேட்கிறார்கள்?

ஆண்களுக்குச் சலம் போகிற சிக்கலுக்குக் கொடுக்கிற தம்சுலோசின் முக்கியமானது. அதைப் பாவிப்பவர்களின் கருமணி ஒப்பரேசன் நடுவில் தளர்ந்து சுருங்கும் என்று 2005இல் கண்டறிந்தார்கள். முன்பே தெரிந்தால் வைத்தியர் அதற்கான மருந்தோடு ஆயத்தமாக இருப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம், நிறுத்தினாலும் அந்தப் பாதிப்பு முழுதாகப் போகாது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு விழித்திரை நடுவில் நீர் கோர்க்கும் வாய்ப்புக் கூட, அவர்களுக்கு ஸ்ரெரொயிட்டோடு இன்னொரு சொட்டு மருந்தும் சேர்க்கலாம் என்கிறது வழிகாட்டல். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள், மருந்துப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

இரத்தப் பரிசோதனைகள் பற்றி ஒரு வரி: 2000ஆம் ஆண்டில் வெளியான 18,189 நோயாளிகளின் ஆய்வு, எல்லோருக்கும் வழமையாகச் செய்யும் பரிசோதனைகளால் கண்புரை ஒப்பரேசனின் பாதுகாப்புக் கூடவில்லை என்றது. அதற்காக, கேட்ட பரிசோதனையைச் செய்யாமல் போய் நிற்காதீர்கள்.

அரிவு வெட்டு நேரத்தில் நாள் வந்துவிட்டது. தள்ளிப் போடலாமா?

காலபோக வெட்டு முடிந்த பிறகு என்று கேட்பதில் பிழையில்லை. கேட்காமல் போகாமலிருப்பதுதான் பிழை. பெயர் வெட்டுப்பட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடும், அந்த இடமும் வீணாகும். ஒப்பரேசன் செய்துகொண்டு உடனே வயலுக்கு இறங்குவதைவிடத் தள்ளிப்போடுவது நல்லது. நெல்லுச் சுணையும் வெட்டு மெசின் கிளப்புகிற தூசியும் ஆறாத கண்ணுக்கு ஆகாது. முதல் சில வாரம் பாரம் தூக்காமல், கண்ணைக் கசக்காமல், குளத்திலும் வாய்க்காலிலும் இறங்காமல் இருங்கள். தோய்வது என்றால் கழுத்துக்குக் கீழே ஊற்றுங்கள். தலையில் எப்போது ஊற்றலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். இரவில் கண்ணுக்குக் கவசம். விறகடுப்புப் புகைக்குக் கொஞ்ச நாள் மருமகளை விடுங்கள், இல்லாவிட்டால் மகனை.

தானம் கொடுத்த கண்ணையா வைக்கிறார்கள்?

இல்லை. இலங்கைக் கண்தானச் சங்கம் 1961இல் தொடங்கிய பெயர்போன அமைப்பு என்பதால் இந்தக் குழப்பம். தானம் பெறும் கண்ணிலிருந்து எடுப்பது முன்புறக் கண்ணாடி போன்ற விழிவெண்படலம். கண்புரைக்கு வைப்பது தொழிற்சாலையில் செய்த வில்லை.

வழிகாட்டலைத் திருத்துவதில் நோயாளிகளுக்குச் சொல்ல இடமுண்டா?

அங்கே உண்டு. நோயாளர் அமைப்புகளும் பதிவுசெய்து கருத்து அனுப்பலாம், அதற்கு எழுத்தில் பதிலும் வரும். இங்கே அப்படி ஒரு பழக்கம் வளரவில்லை. உலக சுகாதார மாநாடு 2021இல் ஓர் இலக்கு வைத்தது: பயன்தரும் கண்புரைச் சத்திரசிகிச்சையின் வீச்சை 2030க்குள் 30 சதவீதப் புள்ளிகள் கூட்டுவது. 'பயன்தரும்' என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. எத்தனை பேருக்குச் செய்தோம் என்பதோடு, செய்தவருக்கு நன்றாகத் தெரிகிறதா என்றும் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்குள் வருவதற்காவது கடைசிக் கிளினிக் வரை போய்ப் பார்வையை அளந்து கொப்பியில் எழுதுவித்து வாருங்கள். அநேகர் கண் தெளிந்ததும் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

எடுத்த புரை திரும்ப வருமா?

வராது. சில மாதத்திலோ வருடத்திலோ திரும்ப மங்கினால், வில்லைக்குப் பின்னால் விட்டுவைத்த மெல்லிய பை தடித்திருக்கும். வெளிநோயாளராக யாக் என்ற லேசர் அடித்துச் சில நிமிடத்தில் சரியாக்குவார்கள், வெட்டுவதில்லை. மங்கலுக்கு வேறு காரணமும் இருக்கலாம், எனவே பழைய கிளினிக் கொப்பியோடு போய்க் காட்டுங்கள்.